முந்நூற்று இருபதின் ஏழு சோடிகள்

பி.எஸ்ஸி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

கல்லூரி விழாவிற்கு 320 நாற்காலிகள் வந்து இறங்கியுள்ளன என்று வைத்துக்கொள்வோம். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும்; ஒரு நாற்காலிகூட மிஞ்சக் கூடாது. எத்தனை விதமாகப் போடலாம்? பதினாறு வரிசை, வரிசைக்கு இருபது என்பார் ஒருவர். பத்து வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு என்பார் இன்னொருவர். மேடைக்கு எதிரே எட்டு வரிசை போதும், ஆனால் ஒவ்வொன்றும் நாற்பது நாற்காலி நீளம் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியே. ஆனால் “இவ்வளவுதானா, இன்னும் உண்டா?” என்று நான்காமவர் கேட்டால் யார் துணிந்து பதில் சொல்வது? இந்தக் கேள்விக்கு ஐயமறப் பதில் சொல்லும் வழியைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். கலைப் பாட மாணவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணை அதன் காரணி என்கிறோம். 320-ஐ 5 மீதியின்றி வகுக்கிறது. ஆகவே 5 ஒரு காரணி. அவ்வாறு வகுக்கும்போது கிடைக்கும் ஈவு 64. அதுவும் 320-ஐ மீதியின்றி வகுக்கும் அன்றோ? ஆக, ஒரு காரணியைத் தேடிப் போனவனுக்கு இரண்டு கிடைக்கின்றன. காரணி என்பது தனியே வருவதில்லை; துணையோடுதான் வரும். 5 × 64 என்பது ஒரு காரணிச் சோடி. பலரும் காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறார்களே ஒழிய, கையில் கிடைத்த ஈவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை இரட்டிப்பாவதற்கு அதுவே காரணம்.

சரி, எதுவரை தேடுவது? எண்ணில் பாதி வரை பார்த்தால் போதும் என்று பள்ளிகளில் சொல்வதுண்டு. அது பிழையன்று, ஆனால் வீண் உழைப்பு. பாதி வரை என்றால் 320-க்கு 160 வகுத்தல்கள் செய்ய வேண்டும். உண்மையில் 17 வரை பார்த்தாலே போதும்.

ஏன் பதினேழு? 17-இன் வர்க்கம் 289. 18-இன் வர்க்கம் 324. நம்முடைய 320 இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது. ஒரு சோடியில் உள்ள இரண்டு எண்களுமே 18 அல்லது அதற்கு மேற்பட்டவை என்று வைத்துக்கொண்டால், அவற்றின் பெருக்கற்பலன் குறைந்தது 324 ஆகிவிடும். 320-ஐத் தாண்டிப் போய்விடும். எனவே எந்தச் சோடியாக இருந்தாலும் அதில் ஒன்று 17-ஐத் தாண்டாது. 1 முதல் 17 வரை தேடி முடித்தவன் எல்லாச் சோடிகளையும் பிடித்துவிட்டான். பெரிய காரணிகள் யாவும் சிறிய காரணிகளின் ஈவுகளாக ஏற்கெனவே அவன் ஏட்டில் ஏறியிருக்கும். பொதுவாகச் சொன்னால், எண்ணின் வர்க்கமூலமே எல்லை. எண் பெரிதாகப் பெரிதாக இதன் அருமை விளங்கும். பத்து லட்சத்திற்குப் பாதி ஐந்து லட்சம், வர்க்கமூலமோ ஆயிரம்தான்.

பதினேழையும்கூட முழுவதும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 3 வகுக்காது என்று தெரிந்தால் (இலக்கங்களின் கூட்டுத்தொகை 5), 6, 9, 12, 15 ஆகியவையும் வகுக்கமாட்டா. 7 வகுக்காவிட்டால் 14-உம் வகுக்காது. 11-க்கு மீதி 1, 13-க்கு மீதி 8, 17-க்கு மீதி 14. எஞ்சி நிற்பவை 1, 2, 4, 5, 8, 10, 16. இவற்றின் துணைகளையும் சேர்த்து எழுதினால்:

1 × 320, 2 × 160, 4 × 80, 5 × 64, 8 × 40, 10 × 32, 16 × 20.

ஏழு சோடிகள். இடப்பக்க எண் ஏற ஏற வலப்பக்க எண் இறங்கி வருவதைக் காண்க. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடமே வர்க்கமூலம். 324 போன்ற முழு வர்க்க எண்ணாக இருந்தால் அவை உண்மையாகவே சந்தித்துவிடும். 18-க்கு 18-ஏ துணை. அதனால்தான் முழு வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருகிறது.

ஏழுதான் என்பதை வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். 320-ஐப் பகா எண்களாக உடைத்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் கிடைக்கும்: 2⁶ × 5. இதன் எந்தக் காரணியும் இந்த ஏழு எண்களிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்கியதாகவே இருக்கும். இரண்டுகளில் எத்தனை எடுப்பது? ஒன்றும் எடுக்காமல் இருக்கலாம். ஆறு வரை எடுக்கலாம். ஆக 7 விதம். ஐந்தை எடுக்கலாம், விடலாம், 2 விதம். மொத்தம் 7 × 2 = 14 காரணிகள், அதாவது 7 சோடிகள். பட்டியல் எழுதியவனுக்கு ஆறுதான் கிடைத்தது என்றால் எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று இக்கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஆயிரம் எண்கள் இருக்க, 320-ஐ நான் தேர்ந்தது காரணத்தோடுதான். நம் முன்னோர் எண்சுவடியில் படித்த பின்னங்களில் முந்திரி என்பது ஒன்றில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. கால், அரை, முக்கால் மட்டுமே இன்று நம் நாவில் எஞ்சியுள்ளன. அன்று மாகாணி (1/16), மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160) யாவும் புழக்கத்தில் இருந்தன. இவற்றை முந்திரிக் கணக்காக மாற்றிப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அரை என்பது 160 முந்திரி. அரைக்காணி என்பது 2 முந்திரி. கால் என்பது 80 முந்திரி. காணி என்பது 4 முந்திரி. அரைக்கால் 40 முந்திரி. அரைமா 8 முந்திரி. மா 16 முந்திரி. மாகாணி 20 முந்திரி. ஒன்று என்பது 320 முந்திரி, முந்திரியோ 1. மேலே எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பின்னமும் இன்னொரு பின்னத்திற்குச் சோடி!

இவ்வகையில் ஐந்து சோடிகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 5 × 64, 10 × 32 என்ற இரண்டும் பெயரின்றி நின்றன. கணக்குப்படி ஏழு இருந்தாக வேண்டும். என் தாத்தா திண்ணைப் பள்ளியில் சில காலம் படித்ததோடு சரி, பிறகு வயல்வேலைதான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம், “தாத்தா, அஞ்சு முந்திரி சேர்ந்தா அதுக்குப் பேர் உண்டா?” என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், “கால்வீசம்” என்றார். “பத்து முந்திரி?” “அரைவீசம்.” “முப்பத்திரண்டு?” “இருமா. ரெண்டு பதினாறு முப்பத்திரண்டுதானேடா.” “அறுபத்து நாலு?” “நாலுமா.” வீசம் என்பது மாகாணிக்கு இன்னொரு பெயர். ஆகவே கால்வீசம் 1/64, நாலுமா 1/5. அரைவீசம் 1/32, இருமா 1/10. ஏழு சோடிகளும் பெயரோடு நின்றன. பகா எண்களை வைத்து நான் எண்ணிச் சொன்ன ஏழை, சூத்திரம் எதுவும் அறியாத அவர் வாய்ப்பாடாகவே வைத்திருந்தார்.

மாகாணி என்ற சொல்லிலேயே ஒரு கூட்டல் இருக்கிறது. மா 16 முந்திரி, காணி 4 முந்திரி. இரண்டும் சேர்ந்தால் 20 முந்திரி, அதாவது மாகாணி. காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு மா என்பது பின்னம் மட்டுமன்று, நில அளவும்கூட. இருபது மா கொண்டது ஒரு வேலி. அதனால் ஒரு மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு.

இனி இந்த எண்ணின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு வேலி நிலத்தை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 80 முந்திரி, ஐவருக்குப் பிரித்தால் 64, எண்மருக்கு 40. அண்ணன் தம்பிகள் மூவராக இருந்துவிட்டால்? 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 வரும், இரண்டு முந்திரி மிஞ்சும். 2⁶ × 5 என்ற உடைப்பில் மூன்று என்ற பகா எண் இல்லவே இல்லை; ஆகவே எந்தச் சோடியிலும் மூன்று வராது. மிஞ்சிய இரண்டு முந்திரி யாருக்கு என்பதில்தான் மனத்தாங்கல் தொடங்கும். எந்த எண்ணை அளவின் அடிப்படையாகக் கொள்கிறோமோ, அதன் காரணிகளே யார் யாருக்குக் குறையின்றிப் பங்கு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன.

பழைய ரூபாயை இதனோடு வைத்துப் பாருங்கள். 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி. 192 = 2⁶ × 3. இதற்கும் 14 காரணிகள், 7 சோடிகள். இங்கே ஐந்துக்கு இடமில்லை, மூன்றுக்கு இடமுண்டு. ஒரு ரூபாயை மூவர் பிரித்தால் ஆளுக்கு 64 தம்பிடி, அதாவது ஐந்து அணா நான்கு தம்பிடி, தகராறு இல்லை. 1957 ஏப்ரல் முதல் நாள் நயாபைசா வந்தது. 100 = 2² × 5²; காரணிகள் 9 மட்டுமே, மூன்றும் இல்லை. பதின்மக் கணக்கால் கூட்டலும் பெருக்கலும் எளிதாயின என்பது உண்மை. ஆனால் மூன்று பேர் டீ குடித்துவிட்டு பத்து ரூபாயைச் சமமாகப் பிரிக்கும் நேரத்தில் பழைய 192-இன் அருமை தெரியும்.

காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றிப் பேசும்போது இராமானுசரை விட்டுவிட முடியாது. நம்மைப் போல ஓர் அரசினர் கல்லூரியில், கும்பகோணத்தில், 1904-இல் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். தனக்குச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்களை ஆராய்ந்து 1915-இல் இலண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 ஆகியவை அவ்வகை எண்கள். நம் 320 அந்த வரிசையில் இடம் பெறாது. அதைவிடச் சிறிய 240-க்கே 20 காரணிகள் உண்டு. 360-க்கோ 24, சோடிகள் 12. வட்டத்தை 360 பாகையாகப் பிரித்ததன் வசதி இப்போது விளங்கும்.

இதுவரை கண்டவை இணங்கிப் போகும் எண்கள். எளிதில் பிடி கொடுக்காத எண்களும் உண்டு. 8051-ஐ எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 89-க்கும் 90-க்கும் இடையில். கீழிருந்து 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனால் இருபத்து மூன்றாவது முயற்சியில்தான் 83 வகுக்கும். மாறாக நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 90-இன் வர்க்கம் 8100. அதிலிருந்து 8051-ஐக் கழித்தால் 49. அது 7-இன் வர்க்கம். எனவே 8051 = 90² − 7² = (90 − 7) × (90 + 7) = 83 × 97. ஒரே முயற்சி!

இதன் சூட்சுமம் இதுதான்: சோடியின் இரு எண்களும் ஒரு நடு எண்ணிலிருந்து சம தொலைவில் நிற்கின்றன. நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து தொலைவின் வர்க்கத்தைக் கழித்தால் அவற்றின் பெருக்கற்பலன் வரும். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணிகள் இரண்டும் ஒற்றைப்படையாகவே இருக்கும் என்பதால் நடு எண் எப்போதும் முழு எண்ணாகவே அமையும். ஆகவே வர்க்கமூலத்திற்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறிச் சென்று, மிச்சம் முழு வர்க்கமாகிறதா என்று பார்த்தால் போதும். இது பிரான்சு நாட்டுப் பெர்மா கண்ட வழி. துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த அவருக்குக் கணிதம் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. 1643-ஆம் ஆண்டளவில் அவர் 2027651281 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு 45030-இல் தொடங்கினார். பன்னிரண்டாவது முயற்சியில், 45041-இல், மிச்சம் 1020-இன் வர்க்கமாக அமைந்தது. விடை 44021 × 46061. கீழிருந்து தேடியிருந்தால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் செய்திருக்க வேண்டும்.

ஆனால் நடுவிலிருந்து போவதே எப்போதும் குறுக்குவழி என்று எண்ணிவிடக் கூடாது. சோடியின் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால்தான் அது பலிக்கும். இராமானுசர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-ஐயே பாருங்கள். கீழிருந்து போனால் நான்காவது பகா எண்ணிலேயே, 7-இல், சிக்கிவிடுகிறது: 7 × 247. நடுவில் 42-இலிருந்து தொடங்கினால் பதினான்காவது முயற்சியில்தான், 55-இல், விடை வரும்: 55² − 36², அதாவது 19 × 91. இடையே ஒரு செய்தி. 1729 என்பது 1³ + 12³ ஆகவும் 9³ + 10³ ஆகவும் இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்விரு வகைகளும் இரண்டு காரணிச் சோடிகளைத் தம்முள் மறைத்து வைத்திருக்கின்றன. இரு கனங்களின் கூட்டுத்தொகையை அவற்றின் மூல எண்களின் கூட்டுத்தொகை வகுக்கும் அல்லவா? 1 + 12 = 13; அதன் துணை 133. 9 + 10 = 19; அதன் துணை 91. 1 × 1729-ஐயும் சேர்த்து மொத்தச் சோடிகள் நான்கே. அவற்றில் இரண்டு இப்படித் தாமாகவே வெளிப்படுகின்றன.

ஓர் எண் பகா எண் அன்று என்று தெரிந்தும் அதன் ஒரு சோடியைக்கூடக் காண முடியாத நிலையும் உண்டு. இரண்டை 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண் என்று 1644-இல் மெர்சேன் எழுதினார். அது தவறு என்று 1876-இல் லூக்கா நிறுவினார்; ஆனால் எந்த எண் அதை வகுக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் அச்சோடியை அளித்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் அந்த எண்ணை விரித்து எழுதி, மறு பக்கத்தில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டி, இரண்டும் ஒன்றே என்றானதும் தம் இருக்கைக்குத் திரும்பினார் என்று சொல்வார்கள். அதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்று பின்னர் கூறினாராம். பெருக்கிக் காட்டச் சில நிமிடங்கள் போதும்; பிரித்துக் காண ஆண்டுகள்!

இந்த ஏற்றத்தாழ்வையே 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் பூட்டாக மாற்றினர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் விடையை ஊரறியச் சொல்லலாம். சோடியை மட்டும் மறைத்து வைத்தால் செய்தி பத்திரமாக இருக்கும். இணையத்தில் செய்திகளையும் பணப் பரிமாற்றங்களையும் காக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. அவர்கள் அன்று அறைகூவலாக விடுத்த 129 இலக்க எண் 1994-இல், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணிப்பொறிகள் சேர்ந்து உழைத்த பிறகே பிரிந்தது. 250 இலக்க எண் ஒன்று 2020-இல் பிரிக்கப்பட்டது. நம்முடைய வர்க்கமூல விதி அங்கும் செல்லும். ஆனால் 250 இலக்க எண்ணின் வர்க்கமூலத்திற்கே 125 இலக்கங்கள்! அத்தனை வகுத்தல்களை எந்தப் பொறியும் செய்து முடிக்காது என்பதால், பெர்மாவின் வர்க்க வேறுபாட்டுக் கருத்தை வளர்த்தெடுத்த நுட்பமான வழிகளையே அங்கே கையாளுகின்றனர். ஓர் எண் பகா எண்ணா அல்லவா என்பதை எப்போதும் விரைவாகச் சொல்லிவிடும் ஒரு முறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் கண்டனர். அம்முறையும் “சோடி உண்டு” என்று சொல்லுமே தவிர, எது என்று சொல்லாது.

படித்தவர்கள் சும்மா எழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் எண் தருகிறேன்: 9379. இதற்கு 1 × 9379 தவிர ஒரே ஒரு சோடிதான் உண்டு. கீழிருந்து போவதா, நடுவிலிருந்து போவதா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கைபேசியை எடுக்க வேண்டாம். 97-இன் வர்க்கமும் 98-இன் வர்க்கமும் தெரிந்தால் போதும்.